விசில் டீச்சரும் லேசான பைகளும்

உலகத்திலேயே நேர்மையான அரசாங்கம் எங்கே நடந்தது என்று என்னைக் கேட்டால், காலை நேரத்தில் தாம்பரம் வழியாக பீச்சுக்குப் போகும் மின்சார ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆட்சி செய்தவர் விசில் டீச்சர். தேர்தலில் நின்று வந்தவர் இல்லை. ரயிலில் நின்று வந்தவர். தாம்பரத்தில் ஏறினால் எழும்பூர் வரை, முதல் பல வருடங்கள் ஒரு நாள்கூட உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்.

எழும்பூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் பி.டி. டீச்சர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. கழுத்தில் ஒரு சிலுவைச் சங்கிலியும் ஒரு விசில் கயிறும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். வண்டி நகர்ந்ததும் கண்ணை மூடி மெதுவாக "ஸ்தோத்திரம்" என்பார். கண்ணைத் திறந்ததும் விசிலை ஊதுவார். ஆண்டவருக்கு ஒரு நிமிடம், மீதி நேரம் முழுக்க எங்களுக்கு.

அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் பெயர் அவருக்கும் தெரியாது. எங்கள் பெட்டியில் யார் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறாரோ அதுதான் அவருக்குப் பெயர். நான் நுங்கம்பாக்கம். எனக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவள் சேத்துப்பட்டு. கொஞ்சம் வாய்த்துடுக்கான, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒல்லிப்பெண் கிண்டி. "கிண்டிக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளை கீழ்க்கட்டளையாம்" என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, புதிதாக ஏறிய ஒரு அம்மாள் மிரண்டு போய் அடுத்த பெட்டிக்கு மாறியிருக்கிறார்.

இந்த ரயிலில் போகாத பாக்கியவான்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி தாம்பரத்துக்குள் நுழையும்போதே எள் போட்டால் எள் விழாது. அதற்குள் இடம் பிடிக்க ஒரு வழி உண்டு. உட்கார்ந்திருப்பவரிடம் போய், "எங்க இறங்குறீங்க?" என்று கேட்க வேண்டும். கிண்டி என்றால், "அப்ப எனக்கு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீசில் பதிந்த மாதிரி அந்த இடம் உங்களுக்கு. ஆனால் ஒரே இடத்தை இரண்டு பேர் சொல்லி வைத்துவிட்டால், பரங்கிமலையில் ஆரம்பிக்கிற சண்டை மாம்பலம் தாண்டியும் ஓயாது. குடும்பம், குலம், கோத்திரம் எல்லாம் வந்து போகும்.

அந்தக் காட்டுக்குள்தான் டீச்சர் வந்தார். வந்த முதல் வாரமே விசிலை ஊதி, "கிண்டி எல்லாம் கை தூக்கு" என்றார். ஸ்கூலில் பழகிய கை, தானாக மேலே போனது. உட்கார்ந்திருந்தவர்களில் கிண்டி எத்தனை பேர், மாம்பலம் எத்தனை பேர் என்று ஒரு பார்வையில் அளந்தார். பிறகு நிற்பவர்களைப் பார்த்தார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இடுப்பு வலி, யார் ராத்திரி முழுக்க மாமியாரோடு ஆஸ்பத்திரியில் இருந்தது என்று விசாரணை. அப்புறம் தீர்ப்பு. முதலில் சொல்லி வைத்தவருக்கு இடம் என்கிற பழைய சட்டம் அன்றோடு ஒழிந்தது. யாருக்குத் தேவையோ அவருக்கு இடம்.

என் முறை வந்தபோது, ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். "நேத்து என்ன செஞ்ச?" என்றார். டி.வி. பார்த்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப நில்லு. ரத்த ஓட்டத்துக்கு நல்லது" என்றார். அந்த வருடம் முழுக்க எனக்கு ரத்தம் மிக நன்றாக ஓடியது.

அந்த விசிலால் வந்த வம்புகளும் உண்டு. ஒரு நாள் தாம்பரத்தில் வண்டி கிளம்புவதற்கு முன்பே வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து ஊதிவிட்டார். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வண்டி கிளம்புகிறது என்று கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்து ஏறினார்கள். கார்டு இறங்கி வந்து, விசில் ஊதுவது தன் வேலை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். டீச்சர் அவருடைய தொப்பையைப் பார்த்து, தினமும் கொஞ்சம் ஓடச் சொன்னார். ஹேர்க்லிப் விற்கிற அக்காவுக்குத்தான் டீச்சரைக் கண்டால் ஆகாது. விசில் சத்தம் கேட்டாலே கூடையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா டீச்சரு, இப்டி ஊதிக்கினே இருந்தா நான் எப்டி கூவி விக்கிறது? பேஜாரா கீது" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். அதற்காக டீச்சர் அவரிடம் நிறைய ஹேர்க்லிப் வாங்கினார். டீச்சருக்கு பாப் கட்டிங்.

டீச்சர் தீர்ப்பு தப்பியது ஒரே ஒரு முறைதான். ஆனால் அது எப்பேர்ப்பட்ட தப்பு.

சேத்துப்பட்டு பூசினாற்போல இருப்பாள். எல்.கே.ஜி. படிக்கிற பையன் இருந்தான். பிள்ளை பெற்ற வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. ஒரு நாள் பையனுக்குக் காய்ச்சல் என்று ராத்தூக்கம் இல்லாமல், காலையில் சாப்பிடாமல் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் செருகி நின்றாள். டீச்சர் அவள் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். விசிலை ஊதி, "மாசமா இருக்கிற பொண்ணு நிக்குது, கண்ணு தெரியலையா?" என்றார். நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த சேத்துப்பட்டு, காலியான ஜன்னல் சீட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள்.

மறுநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாளாம். மறுநாள் சீட்டு தயாராக இருந்தது. பக்கத்தில் ஒருத்தி உரித்த சாத்துக்குடியை நீட்டினாள். இதற்கு மேல் எந்த மனுஷியால் உண்மை பேச முடியும், சொல்லுங்கள். டீச்சர் எத்தனாவது மாசம் என்று கேட்க, வாயில் வந்த மாசத்தைச் சொன்னாள். அப்புறம் மாதா மாதம் ஒன்று கூட்டிக்கொண்டே போனாள். எங்கள் கெட்ட நேரமோ அவள் நல்ல நேரமோ, சாத்துக்குடியும் நெல்லிக்காயும் தின்று தின்று வயிறும் ஒத்துழைத்தது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் ஓடும் ரயிலிலேயே வளைகாப்பு ஏற்பாடு செய்துவிட்டார். கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், டப்பா டப்பாவாக லெமன் சாதம், தயிர் சாதம். பல்லாவரம் தாண்டியதும் சேத்துப்பட்டின் கன்னத்தில் சந்தனம் தடவினோம். முதல் வளையலை எடுத்ததும் அவள் கேவிக் கேவி அழ ஆரம்பித்தாள். அம்மா வீட்டு நினைப்பு என்று நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அவள் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"டீச்சர், மன்னிச்சிடுங்க. நான் மாசமாவே இல்ல. இது வெறும் தொப்பை."

மீனம்பாக்கம் வந்தது, போனது. டீச்சரின் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கையில் இருந்த வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சரி, வளையல் வாங்கியாச்சு. நிஜமாவே மாசமா இருக்கிறவ இங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். கதவோரத்தில், அத்தனை மாதமாகக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்ற ஒரு குச்சிப் பெண் வெட்கத்தோடு கையைத் தூக்கினாள். டீச்சர் அவளை உட்கார வைத்து வளையல் போட்டுவிட்டார். அன்றிலிருந்து வயிற்றைப் பார்த்து எதையும் முடிவு செய்வதை நிறுத்திவிட்டார். சேத்துப்பட்டுக்குத் தண்டனை ஏதும் இல்லை. தயிர் சாதம் அவளுக்கும் கொடுத்தார். அதுதான் அவளை ரொம்பப் படுத்தியது. டீச்சருக்கு என்றாவது ஏதாவது செய்து இந்தக் கடனைத் தீர்க்காமல் விடமாட்டேன் என்று என்னிடம் பல முறை சொன்னாள்.

அதற்கு வேளை வந்தது. ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். கேன்வாஸ் ஷூவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். முட்டி தேய்ந்துபோய் வெகு நாளாகிறதாம். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும்படி மகன் தினமும் சண்டையாம். அந்தச் சண்டையில் ஒரு நாள் இவர் வீராப்பாக ஒரு வாக்குக் கொடுத்துவிட்டிருக்கிறார்.

"முட்டி வலின்னு ரயில்ல என்னிக்கு உக்கார்றேனோ, அன்னிக்கே ரிசைன் பண்றேன்னு பைபிள் மேல கை வச்சு சொல்லிட்டேன். ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு ஸ்போர்ட்ஸ் டே பாக்கி இருக்கு. கிரவுண்ட்ல நின்னு மார்ச் பாஸ்ட் பாத்துட்டுத்தான் வெளிய வருவேன். படுக்கையில இருந்து ரிட்டயர் ஆக மாட்டேன்."

இந்த முட்டியோடு கிரவுண்டில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். கிரவுண்டில் ஓடுவது பிள்ளைகள், தனக்கு விசில் போதும் என்றார். சிரிக்க முயன்றார். அடுத்த படியில் கால் வைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று பெட்டியில் விஷயத்தைக் கிசுகிசுத்தேன். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரே வேலை. டீச்சரை உட்கார வைக்க வேண்டும், ஆனால் முட்டிக்காக உட்கார்ந்தார் என்று ஆகிவிடக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, எல்லோரும் முயற்சி செய்தோம். கிண்டி, உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று எழுந்தாள். டீச்சர் அந்த இடத்தில் வேறு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு, கிண்டிக்கு முதுகுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பாவம், அவள் வாரம் முழுக்க ரயிலில் குனிந்து நிமிர்ந்தாள். சீட்டில் ஈரம் இருக்கிறதா பாருங்கள் என்று ஒருத்தி கேட்டதற்கு, உட்காராமல் கையால் தடவிப் பார்த்தார். ஒரு நாள் அவரைச் சுற்றி ஆறேழு சீட்டுகள் காலியாகும்படி நாங்கள் கூட்டமாக எழுந்து நின்றோம். உட்கார ஆசைப்பட்டுத் தினமும் கட்டிப் புரளுகிற எங்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துவிட்டு, கதவோரம் நின்றவர்களைக் கூப்பிட்டு அத்தனை இடத்தையும் நிரப்பிவிட்டார். ஆனால் வண்டி குலுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொள்வார். அந்த வருட ஸ்போர்ட்ஸ் டேவுக்கே தாங்காது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வழி கண்டுபிடித்தது சேத்துப்பட்டு. பொய் சொல்லி மாதக்கணக்கில் உட்கார்ந்து வந்த அனுபவம் வீண்போகுமா? நம் ரயிலில் இன்னொரு வழக்கம் உண்டு. நிற்பவர்களின் பையை, உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. மறுநாள் சேத்துப்பட்டு ஒரு பெரிய பையோடு எழுந்து, டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், பையில முட்டை இருக்கு. யாரும் சரியா பிடிக்க மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் மடியில வச்சுக்குங்களேன்."

"நான் நிக்கிறேனே, மடி எங்க இருக்கு?"

"உக்காந்தா வந்துடும் டீச்சர்."

டீச்சர் அவளை உற்றுப் பார்த்தார். கூட்டத்தில் முட்டை உடைந்தால் பெட்டியே நாறிப்போகும் என்று நான் பின்பாட்டுப் பாடினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. டீச்சர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், அதைக் கேட்டு எங்கள் கால்வலி எல்லாம் போய்விட்டது. உடனே கிண்டி தன் பையைக் கொண்டு வந்தாள். அப்புறம் மாம்பலம், கோடம்பாக்கம், நான். டீச்சர் மூக்கு வரை பை. எழுந்திருக்க நினைத்தாலும் முடியாது. அந்தப் பைக்குவியலுக்குப் பின்னாலிருந்து விசில் மட்டும் வழக்கம்போல ஒலித்தது. அன்று முதல் அவருக்கு அதுதான் இடம். பைகளைக் காவல் காக்கிற பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மகன் வரும் வரை. ஒரு நாள் டீச்சர் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வர, அதை எடுத்துக்கொண்டு அவன் தாம்பரம் பிளாட்பாரத்துக்கே வந்துவிட்டான். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் எங்கள் ஜன்னலில் நின்றான். உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தார். டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தார். பைகள் விடவில்லை. வாக்கு போச்சு, ஸ்போர்ட்ஸ் டே போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, உக்காந்துட்டியா?" என்றான் மெதுவாக.

டீச்சர் பைகளுக்கு மேலே தலையை நிமிர்த்தினார். "பாத்தா தெரியல? டூட்டில இருக்கேன்."

அவன் பைகளைப் பார்த்தான். பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். சேத்துப்பட்டு கையெடுத்துக் கும்பிடாத குறை. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டிபன் பாக்ஸை ஜன்னல் கம்பி வழியாக என்னிடம் கொடுத்து, "அக்கா, இதையும் அம்மா மடியில வச்சிடுங்க" என்றான். வண்டி நகர்ந்தது. டீச்சர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். அன்று கொஞ்சம் நீளமாகவே சொன்னார்.

இரண்டு ஸ்போர்ட்ஸ் டேயும் நடந்தன. இரண்டாவது முடிந்து, அவர் கடைசியாக எங்களோடு வந்த காலையில் நாங்கள் கேக் வெட்டினோம். சேத்துப்பட்டு வளைகாப்பில் மிஞ்சிய ஒரு ஜோடி வளையலை அவர் கையில் மாட்டிவிட்டாள். அன்று யாரும் அவரவர் ஸ்டேஷனில் இறங்கவில்லை, எழும்பூர் வரை கூடவே போனோம். இறங்குவதற்கு முன் டீச்சர் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரியவரிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏன்டி, ஆபீஸ் போறவங்க பை இவ்ளோ லேசாவா இருக்கும்? டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் வெளிய எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, வெறும் பையை எங்கிட்ட குடுத்தீங்க. எல்லாம் எனக்குத் தெரியும்."

முட்டிக்குப் பாரம் ஆகிவிடுமே என்றுதான் அப்படிச் செய்தோம். பிடிபட்டுவிட்ட வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். டீச்சர் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று ஒரு நீள விசில் ஊதினார். இந்த முறை கார்டு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கோவிலம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த அபார்ட்மென்ட் லிஃப்டில் யார் முதலில் ஏறுவது என்பதை அவர்தான் முடிவு செய்கிறாராம். எங்கள் கூட்டம் கலைந்துவிட்டது. பாதிப் பேர் மெட்ரோவுக்குப் போய்விட்டார்கள், பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை. நான் மட்டும் இன்னும் அதே ரயிலில்தான் போகிறேன். எனக்கும் முட்டியில் டொக் டொக்கென்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

போன வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காதில் இயர்போன் மாட்டிய ஒரு சின்னப் பெண் எழுந்தாள். நுங்கம்பாக்கம்தான், பரவாயில்லை என்றேன். "இல்ல ஆன்ட்டி, எனக்குக் கை வலிக்குது, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா?" என்றாள். கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தேன். பையை வைத்தாள். அவள் இன்னொரு கையில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

அந்தப் பெண் எழும்பூராம். நுங்கம்பாக்கத்தில் இறங்க வேண்டிய நான் அன்று அந்தப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழும்பூர் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.